சாய்வுக் கணக்கில் ஒரு சந்தேகம், உதவுங்கள்

மகளுக்கு நேர்க்கோட்டின் சாய்வைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து நானே சிக்கிக்கொண்டேன். (2, 7), (6, -1) என்ற இரு புள்ளிகள். ஒய் மதிப்புகளைக் கழித்தேன்: -1 - 7 = -8. எக்ஸ் மதிப்புகளை 2 - 6 என்று கழித்து -4 எழுதினேன். -8-ஐ -4-ஆல் வகுத்ததில் சாய்வு 2 என்று வந்தது. அப்படியென்றால் கோடு ஏற வேண்டும். வரைபடத்தில் கோடோ இடமிருந்து வலமாக இறங்குகிறது! மேலே ஒய்யைக் கழிக்கும்போது இரண்டாம் புள்ளியில் தொடங்கிவிட்டுக் கீழே எக்ஸைக் கழிக்கும்போது முதல் புள்ளியில் தொடங்கியதுதான் தப்பு என்று அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. விடை -2.

சரி, அது போகட்டும். (3, 1), (3, 5) வழியே போகும் செங்குத்துக் கோட்டில் 4-ஐ 0-ஆல் வகுக்க வேண்டியிருக்கிறது. சாய்வு வரையறுக்கப்படவில்லை என்கிறது புத்தகம். “முடிவிலி என்று சொன்னால் என்ன?” என்கிறாள் மகள். அவளுக்குப் புரியும்படி யாராவது விளக்க முடியுமா?