செயற்கை மூட்டு நழுவுகிறதா? எங்கள் வீட்டில் நடந்தது

அம்மாவுக்கு 67 வயது. வலது முழங்காலில் செயற்கை மூட்டு பொருத்திய முதல் மூன்று மாதமும் நல்லபடியாகவே போயிற்று. வாக்கரை விட்டார், பிறகு கைத்தடியையும் விட்டார். ஒரு நாள், "வலியெல்லாம் இல்லையடி, கால் என் வசத்தில் இல்லை, நழுவுகிறது" என்றார். போகப் போகப் பழகிவிடும் என்று நாங்கள்தான் சமாதானம் சொன்னோம். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கொல்லைப்புறம் இறங்க எங்கள் வீட்டில் மூன்று படி. ஏறும்போது தயங்க மாட்டார். இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். சுண்ணாம்பு அடித்த சுவரில் அவர் கை படும் இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. நாற்காலியில் இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுவார். மாலையானால் முட்டி வீங்கி நீர் கோத்துக்கொள்ளும்.

அறுவைச் சிகிச்சை செய்த இடத்துக்கே மூன்று முறை போனோம். மூன்று முறையும் எக்ஸ்ரே. மூட்டு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்ற பதில். காலைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

வேறொரு எலும்பு மருத்துவர்தான் அம்மாவைக் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொன்னார். மடங்கிய முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்தார். கெண்டைக்கால் அப்படியே முன்னே வந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன். நீட்டினால் இறுக்கம், மடக்கினால் தளர்ச்சி. படுக்கவைத்து எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் இது பிடிபடாமல் போகலாம் என்றார். கிருமித் தொற்று இல்லை என்று உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை செய்து, முட்டி நீரையும் எடுத்துச் சோதித்தார். மூன்று மாதம் தொடைத் தசைப் பயிற்சி. அதிலும் நழுவுவது நிற்காததால் மறு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

நான் ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர், வயது 74. என்னுடையது பொருத்திப் பதினொரு ஆண்டு கழித்து ஆடத் தொடங்கிய மூட்டு. மேலும் கீழும் உலோகம், நடுவே பிளாஸ்டிக் தட்டு. அந்தத் தட்டு தேய்ந்திருந்தது. நான் காலம் கடத்தினேன். குளியலறையில் கால் மடங்கி விழுந்ததில் உள்பக்க ஜவ்வும் கிழிந்தது. பிறகு தட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை என்று கீல் வைத்த மூட்டாகப் போட்டார்கள். முன்பே போயிருந்தால் சிறிய வேலையோடு முடிந்திருக்கும். அம்மாவைத் தள்ளிப்போட விடாதீர்கள், தங்கையே.

* * *

பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். தசை பலவீனத்தால் வரும் தள்ளாட்டத்துக்குப் பயிற்சி நன்றாகக் கைகொடுக்கும். ஜவ்வே தளர்ந்திருந்தால் பயிற்சி தாங்கிப் பிடிக்கும், சரிசெய்யாது. எண்ணெய் போட்டு உருவி இழுப்பவர்களிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று. முதல் அறுவைச் சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். பொருத்திய மூட்டின் நிறுவனம், அளவு எல்லாம் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு அதில் இருக்கும். எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும் என்று முடிவுசெய்ய மருத்துவருக்கு அது தேவை. செலவு பற்றிப் பேசும்போது, மறு அறுவைச் சிகிச்சைக்கான மூட்டுக் கருவிகளுக்கும் 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விலை வைத்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

நன்றி அண்ணா, நன்றி சகோதரி. ஒட்டுச்சீட்டு பழைய கோப்பிலேயே இருந்தது. இன்று மாலை மருத்துவரிடம் கொண்டுபோகிறேன். கொல்லைப் படிக்குக் கைப்பிடிக் கம்பி வைக்க ஆள் வந்திருக்கிறார். அம்மா பக்கத்தில் நின்று, தன் கைக்கு எட்டும் உயரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.