மறு: ‘யாங்க்’ தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

ஹற்றன், திங்கள் மாலை

அனைவருக்கும் வணக்கம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கணினி வகுப்பு எடுக்கிறேன். இருப்பது ஒன்பது பழைய இயந்திரங்கள், அவற்றில் நான்குக்கு மவுஸ் வேலை செய்யாது. அதனால்தான் விம் என்ற உரைத்தொகுப்பு மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கத் துணிந்தேன். சாவிப்பலகை மட்டும் இருந்தால் போதும் அல்லவா? ஒரு பக்கக் கட்டளைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எச், ஜே, கே, எல் நகர்வதற்கு; ஐ அடித்தால் எழுதலாம்; எஸ்கேப் அடித்தால் கட்டளைக்குத் திரும்பலாம்; யு அடித்தால் செய்தது மீளும். இதெல்லாம் எழுதியாயிற்று. ஒய் விசையில்தான் நிற்கிறேன்; ஆங்கிலத்தில் அதற்கு ‘யாங்க்’ என்று பெயர். அதை அப்படியே ‘வெடுக்கென்று இழு’ என்று எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதோடு அது வரியை இழுப்பதும் இல்லை. வரி இருந்த இடத்திலேயே இருக்க, இன்னொன்றை எடுத்து வைத்துக்கொள்கிறது. ஒரு சொல் தாருங்கள்.

கண்டி, திங்கள் இரவு

டீச்சர், ‘நகலெடு’ என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். ஆங்கிலத்திலேயே அது பொருத்தமான சொல் இல்லை. காப்பிக்கு வர வேண்டிய சி விசையை மாற்றுவதற்கான கட்டளை பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஈமேக்ஸ் என்ற இன்னொரு உரைத்தொகுப்பு மென்பொருளின் ஆட்களைக் கேட்டால் யாங்க் என்பது ஒட்டுவது என்பார்கள், வெட்டுவதற்கு அவர்கள் சொல்வது ‘கொல்’! பில் ஜாய் 1976இல் விம்முக்கு மூதாதையான வீஐ மென்பொருளை எழுதியபோது அவர் பாவித்த ஏடிஎம்-3ஏ என்ற கணினி முனையத்தில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. கையில் இருந்ததை வைத்துச் செய்த வேலை அது. நாமும் அப்படியே செய்வோம்.

மாத்தளை, செவ்வாய் அதிகாலை

நகல் அரபுச் சொல். பிரதி வடசொல். சாவி போர்த்துக்கேயம், அதை இப்போதைக்கு விடுகிறேன்.

ஒய் விசை என்றால் யகரத்தில் தொடங்கும் சொல்தானே நினைவில் நிற்கும்? ‘ஆவோடு அல்லது யகரம் முதலாது’ என்கிறது தொல்காப்பியம். நன்னூலார் அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ என்று ஆறாக விரித்தார். யுகம், யோகம் எல்லாம் அந்த வழியாக வந்தவை, நமக்கு வேண்டாம். மிஞ்சுவது யா. யாத்தல் என்றால் கட்டுதல். யாப்பு, யாக்கை எல்லாம் அதிலிருந்து வந்தவை. ‘வரியை யா’ என்று எழுதலாமே? யாங்க் என்பதை அப்படியே வைப்பதென்றாலும் ‘யாங்கு’ பழைய தமிழ்ச் சொல்தான். பொருள் மட்டும் எங்கே, எப்படி என்று வரும்.

இன்னொன்று. யாறு ஆறாயிற்று, யாடு ஆடாயிற்று, யாமை ஆமையாயிற்று. அப்படியானால் கொழுந்து ‘ஆய்தல்’ என்கிறோமே, அதுவும் ஒரு காலத்தில் ‘யாய்’ என்று இருந்திருக்கலாம் அல்லவா?

கண்டி, செவ்வாய்

யாய் என்றால் தாய், ஐயா.

பண்டாரவளை, செவ்வாய்

ஐயாவின் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், சொற்பிறப்பை விட்டுவிடுகிறேன். பிள்ளைகளின் அம்மாமார் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். ஒய் என்றால் ‘பறி’, பறித்தது போய் விழும் இடம் ‘கூடை’, எடுத்ததை ஒட்டும் பி என்றால் ‘கொட்டு’. விம்மில் ஏ முதல் இசட் வரை 26 கூடைகள் உண்டு. சின்ன எழுத்தில் கூப்பிட்டால் பழையது போய்ப் புதியது நிரம்பும், பெரிய எழுத்தில் கூப்பிட்டால் இருப்பதன் மேலேயே சேரும். எடுத்ததை வைக்கும் இடத்தை ரெஜிஸ்டர் என்று சொல்லி மண்டையை உடைப்பதை விட இது சுலபம்.

தனித்தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பரேடை (காலை ஆள் கணக்கெடுப்பு) பிரட்டாக்கியதும், செக்ரோலில் (தொழிலாளர் பதிவேடு) பேர் போட்டதும் எங்கள் தாத்தாமார்தான். யாரும் கலைச்சொல் குழு கூட்டவில்லை.

ஹற்றன், புதன்

கூடை பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனால் ‘பறி’யை ஒரு பிள்ளை ஒரே கேள்வியில் விழுத்திவிட்டாள்: “கொழுந்தப் பறிச்சா செடியில இருக்காதே டீச்சர்?” அவள் சொல்வதும் சரிதானே. பறி என்பது வரியை வெட்டும் டிடிக்குத்தான் பொருந்துகிறது. வரியும் போகிறது, கூடையிலும் விழுகிறது. அதை ‘அழி’ என்று எழுதியிருந்தேன், அதுவும் பிழைதான்.

இந்தக் கூடையில் இன்னொரு சிக்கல். ஒய்ஒய் அடித்து ஒரு வரியை எடுக்கிறார்கள், போய் வேண்டாத வரியை டிடி அடிக்கிறார்கள், பிறகு பி அடித்தால் அந்த வேண்டாத வரிதான் வந்து விழுகிறது. கடைசியாக ஒய் எடுத்தது பூச்சியக் கூடையில் பத்திரமாக இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். அரை மணி நேரம் போயிற்று.

பண்டாரவளை, புதன்

அப்படியானால் பறிப்பதை விட்டுவிட்டு வீ.பீ. தேயிலைக் கன்றுக்குப் போவோம். தாய்ச்செடி நிற்கும், அதில் சின்னத் தண்டு எடுத்துத் தவறணையில், அதாவது நாற்றுமேடையில், வைத்து வளர்த்து மலையில் நடுவோம். தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்து டீ.ஆர்.ஐ. 2025 தேயிலை மலை மலையாக நிற்கிறதே, எல்லாம் ஒன்றின் படிகள்தான். ஒய்: கன்றெடு. பி: நடு. கூடைக்குப் பதில் தவறணை.

யாழ்ப்பாணம், புதன்

தவறணையோ? எங்கட பக்கம் அது கள்ளு விக்கிற இடம். பிள்ளையளுக்குக் கணினிப் பாடத்தில் தவறணை படிப்பிச்சால் தாய் தேப்பன் என்ன சொல்லுவினம்? பகிடியை விடுவம். ஒரு ஊருக்கு ஒரு சொல் என்று போனால் பரீட்சை மண்டபத்தில் பிள்ளை திகைத்து நிற்கும். பாடநூலில் எது இருக்கிறதோ அதையே போடுங்கோ.

கண்டி, வியாழன் காலை

சொல்லை விட அவசரமான ஒன்றை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் தமிழில் எழுதிவிட்டு எஸ்கேப் அடித்தால் கட்டளை வேலை செய்கிறதா? இயங்குதளத்தில் ரெங்கநாதன் என்ற தமிழ் விசையமைப்பை வைத்திருந்தால் டி அடிக்கும்போது தமிழெழுத்துத்தான் போகும், விம் முழிக்கும். விம்முக்கு உள்ளேயே கீமேப் (விசைகளை எழுத்துகளாக மாற்றும் அட்டவணை) வைத்தால் எழுதும்போது மட்டும் தமிழ் வரும், கட்டளை விசைகள் அப்படியே இருக்கும். தாளில் அதற்கு இரண்டு வரி ஒதுக்குங்கள்.

ஹற்றன், வியாழன் மதியம்

மிக்க நன்றி. போன சனிக்கிழமை முழுக்க அதில்தான் போராடினோம், என் பிழை என்று நினைத்திருந்தேன்.

சரி, முடிக்கிறேன். ஒய்: படியெடு. டி: பறி. பி: போடு. ரெஜிஸ்டர்: கூடை. படி தமிழ், மாத்தளை ஐயாவுக்கும் ஆட்சேபம் இராது என்று நினைக்கிறேன். பறியும் படியும் இரண்டும் பகரத்தில் தொடங்குவதால் பி விசையோடு குழம்பும் என்பது தெரியும். அச்சகம் காத்திருக்கிறது. எப்படியும் பிள்ளைகள் இதைச் சொல்லப்போவதில்லை. “டீச்சர், நான் ஒய்யிட்டேன்” என்றுதான் இப்போதே சொல்கிறார்கள்.

மாத்தளை, வியாழன் நள்ளிரவு

ஒய்யிட்டேன்!

அச்சை நிறுத்துங்கள். ஒய் என்பதே தமிழ் வினை. ஒய்தல் என்றால் இழுத்தல், கொண்டு செல்லுதல். புறநானூறு 116ஐப் பாருங்கள். பாரி மகளிர் குப்பைமேட்டில் ஏறி நின்று எண்ணுவது உப்பு வணிகரான உமணரின் ‘உப்பொய் ஒழுகை’யை, அதாவது உப்பை ஒய்த்துச் செல்லும் வண்டி வரிசையை. ஆங்கிலச் சொல்லின் பொருளும் இழுத்தல், விசையின் பெயரும் ஒய். நாம் நான்கு நாளாகத் தேடியதைப் பிள்ளைகள் வாயில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பண்டாரவளை, வெள்ளி காலை

ஐயா, அருமை. ஆனால் வண்டியில் ஏற்றிய உப்பு உப்பளத்தில் இருக்குமா? அந்தப் பிள்ளை திரும்பவும் கேட்பாள்.

ஹற்றன், வெள்ளி காலை

நாற்பது பிரதி வந்துவிட்டது ஐயா, படியெடு என்றே. ஓரத்தில் ‘ஒய்’ என்று பேனாவால் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

மாத்தளை, வெள்ளி

நாற்பது படி, டீச்சர். பிரதி அல்ல.