பழைய வீட்டு வெளிச்சுவரில் ஓதம், என்ன அடிக்கலாம்?

செங்கல்சுவர்:
வெளிச்சுவரோட உள்பக்கம் ஓதம் அடிக்குது, பெயிண்ட் உப்பி உதிருது. வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சும் நிக்கல. எந்த கெமிக்கல் நல்லது? அவசரம்.

தூக்குக்குண்டு:
எவ்வளவு உயரம் வரைக்கும்? மழை பெஞ்சா கூடுதா, வெயில் காலத்துலயும் இருக்கா? சுவர் கனம்? வெளிப்பூச்சு சிமெண்டா சுண்ணாம்பா? வெளித்தரை உள்தரையை விட மேலேயா கீழேயா?

ஓதம்_டாக்டர்:
இதுல கேக்க என்ன இருக்கு, மண்ணுலேர்ந்து ஏறுற ஈரம்தான். வெளித்தரைக்கு 15 செ.மீ. மேலே, காரை இணைப்புலயே 12 மி.மீ. ஓட்டை, 12 செ.மீ.க்கு ஒண்ணு. சிலேன் க்ரீம் (செங்கல்-காரைக்குள்ள பரவி ஈரம் ஏறாம தடுக்கற மருந்து) ஏத்துங்க.

பழையகாரை:
வந்துட்டார் க்ரீமோட. இந்தக் கேள்வி இங்க வாராவாரம் வருது, தேடிப் பாக்கவும் சோம்பல். சுண்ணாம்புக் கட்டுச் சுவர் மேல சிமெண்ட் பூசி, உள்ளே வாட்டர்ப்ரூஃப் அடிச்சா ஈரம் எந்தப் பக்கமா காயும்? வெடிப்பு வழியா புகுந்த மழைத் தண்ணி உள்ளேயே அடைஞ்சு கிடக்கும்.

செங்கல்சுவர்:
இடுப்பளவு இருக்கு. ஒண்ணரை அடி கனம், சுண்ணாம்புக் கட்டு. வெளியே சிமெண்ட் பூச்சு. முற்றத்துக்குத் தளம் போட்டதுல வெளித்தரை உள்தரையை விட ஒரு சாண் ஏறிடுச்சு. ஏசி தண்ணிக் குழாயும் அந்த மூலையிலதான் விடுது, அதுவும் காரணமா இருக்குமா?

தூக்குக்குண்டு:
இதை முதல்லயே சொல்லக் கூடாதா! குழாயை இன்னிக்கே திருப்புங்க. சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்குத் தளத்தை உடைச்சு, உள்தரைக்கு 15 செ.மீ. கீழே இறக்குங்க. தண்ணி தேங்காம வாட்டம் வேணும். இப்ப ஓட்டை போட்டா ஈர மண்ணுக்கு மேலதான் க்ரீம் நிக்கும், தரை ஓரம் நனைஞ்சுகிட்டேதான் இருக்கும்.

ஓதம்_டாக்டர்:
ஈரமானியை வெச்சுப் பாருங்க, இடுப்பளவு வரைக்கும் முழு முள்ளும் ஏறும். அப்புறம் பேசலாம்.

பழையகாரை:
அந்த மீட்டர் அளக்கறது மின்கடத்தலை. பூச்சுல உப்பு இருந்தா சுமாரான ஈரத்துக்கே முள் எகிறும். சுவருக்குள்ள ஆழமா துளைச்சு எடுத்த தூளை கார்பைடு குடுவையில (ஈரம் பட்டா வாயு கிளப்புற கார்பைடு பொடி போட்டு மூடுற குடுவை) குலுக்கிப் பாரும், வாயு அழுத்தம் உண்மையைச் சொல்லும்.

ஓதம்_டாக்டர்:
வீட்டுக்காரர் குடுவைக்கு எங்க போவார்?

தூக்குக்குண்டு:
உங்க சண்டையைத் தனியா வெச்சுக்கங்க. செங்கல்சுவர், நீங்க உள்பூச்சை ஓதக்கோட்டுக்கு ஒரு முழம் மேல வரைக்கும் கொத்தி எடுங்க. பூத்த உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி வாரிடுங்க. தண்ணி விட்டுக் கழுவினா திரும்ப சுவருக்குள்ளயே போயிடும். வெளி சிமெண்டை ஒரு ஓரத்துல மட்டும் உளியால தட்டிப் பாருங்க. செங்கல் முகம் சேர்ந்து பேத்துகிட்டு வந்தா நிறுத்திட்டு வெடிப்பை மட்டும் அடைங்க. ஒண்ணரை அடிச் சுவர் காய மாசக்கணக்காகும், பூச அவசரப்படாதீங்க. பூசும்போது நீர்ச்சுண்ணாம்பு (ஈரத்துலயும் இறுகுற ஹைட்ராலிக் லைம்) 1, கழுவின மணல் 3, தடவைக்கு 10 மி.மீ., ஈரச்சாக்கு போட்டுப் பதமா வைங்க. பட்டி வேணாம், சுண்ணாம்பு வெள்ளை போதும்.

செங்கல்சுவர்:
குழாயை மாத்தியாச்சு. தளம் உடைக்க ஆள் சொல்லியிருக்கு. நன்றி.

தூக்குக்குண்டு:
தோண்டும்போது அஸ்திவாரத்துக்குக் கீழே போயிடாம பாத்துக்கங்க. முழு நீளத்தையும் ஒரேயடியா திறக்காதீங்க, 1 மீட்டர் 1 மீட்டரா.