பில்டில் கொடுத்த வேரியபிள் சிஐயில் மட்டும் காணாமல் போகிறது

நள்ளிரவு_டிப்ளாய்:
இரண்டு நாளாக மண்டை காய்கிறது. ரியாக்ட் ஆப், வீட் (Vite) என்ற கருவி வைத்து பில்ட் செய்கிறேன். என் லேப்டாப்பில் டாக்கர் (ஆப்பை அதன் தேவைகளோடு ஒரே இமேஜாகக் கட்டும் கருவி) பில்ட் போட்டால் எல்லாம் சரி. அதே டாக்கர்ஃபைல் (இமேஜ் கட்டும் படிகள் உள்ள ஃபைல்) சிஐயில், அதாவது கோடை ஏற்றியதும் தானாக பில்ட் செய்யும் சர்வரில், ஓடினால் பில்ட் பச்சையாக முடிகிறது, பிரவுசரில் திறந்தால் ரிக்வெஸ்ட் எல்லாம் "அன்டிஃபைன்ட்" என்ற முகவரிக்குப் போகிறது. ஏபிஐ (ஆப் பேசும் சர்வர்) முகவரியை பில்ட் ஆர்க்காகத்தான் (ARG, பில்டின்போது வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) கொடுக்கிறேன், ஃபைலின் முதல் வரியிலேயே, ஃப்ரம்முக்கும் (FROM, எந்த இமேஜின் மேல் கட்டுவது என்று சொல்லும் வரி) மேலே, ஆர்க் என்று அறிவித்தும் இருக்கிறேன். கன்டெய்னரை (இமேஜிலிருந்து எழுப்பி ஓட்டுவது) ஓட்டும்போது அதே பெயரில் வேரியபிள் கொடுத்துப் பார்த்தேன், அதுவும் பலிக்கவில்லை. பிரைவேட் பேக்கேஜ் இறக்க ஒரு டோக்கனும் (ரகசியச் சாவி) உண்டு. அதை ஃப்ரம்முக்குக் கீழே ஆர்க்காக வாங்கி என்வ்வில் (ENV, சூழல் வேரியபிள்) போட்டுக் கடைசி வரியில் காலி செய்துவிடுகிறேன், அது மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.

லேயர்_கேக்:
விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள், டோக்கன் கீழே இருக்கிறது, முகவரி மேலே இருக்கிறது. ஃப்ரம்முக்கு மேலே அறிவித்த ஆர்க், ஃப்ரம் வரிகளுக்கு மட்டும்தான் தெரியும் (பேஸ் இமேஜின் வெர்ஷனை மாற்ற வசதியாக அப்படி வைத்திருக்கிறார்கள்). ஸ்டேஜுக்குள்ளே (ஒரு ஃப்ரம்மில் தொடங்கும் பகுதி) வேண்டுமென்றால் ஃப்ரம்முக்குக் கீழே ஆர்க் போட்டு வெறும் பெயரை மட்டும் இன்னொரு முறை எழுதுங்கள். பல ஸ்டேஜ் இருந்தால், எந்தெந்த ஸ்டேஜில் தேவையோ அங்கெல்லாம் எழுத வேண்டும்.

லேப்டாப்பில் ஓடுகிறதே என்றால், ஃபோல்டரில் வேரியபிள்களை எழுதிவைக்கும் ஒரு டாட் என்வ் (.env) ஃபைல் இருக்கும், பாருங்கள். ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யும்போது அதுவும் உள்ளே போகும், வீட் அதைத் தானாகப் படித்துக்கொள்ளும். கிட் இக்னோரில் (கிட்டில் ஏற்றக்கூடாத ஃபைல்களின் பட்டியல்) இருப்பதால் சிஐக்கு அது போகவே இல்லை. இமேஜுக்குள் போகக்கூடாதவற்றைச் சொல்லும் டாக்கர் இக்னோர் தனி ஃபைல், அதிலும் சேருங்கள். ஓட்டும்போது கொடுத்தது பலிக்காததற்குக் காரணம், வீட் அந்த மதிப்பை பில்டின்போதே ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் எழுத்தாகப் பதித்துவிடும், அப்புறம் என்ன கொடுத்தாலும் யாரும் படிக்கப் போவதில்லை.

பழைய_பைப்லைன்:
எனக்கு முகவரியைவிட அந்த டோக்கன்தான் பயமாக இருக்கிறது. கடைசியில் காலி செய்வதால் எதுவும் அழியாது. டாக்கர் ஹிஸ்டரி (இமேஜ் கட்டிய படிகளைக் காட்டும் கட்டளை) போட்டு, வரிகளை வெட்டாமல் காட்டச் சொல்லுங்கள், முதலில் வைத்த மதிப்பு அப்படியே நிற்கும். ஆர்க்காக மட்டும் வைத்தாலும் ரன் வரியோடு (RUN, பில்டில் கட்டளை ஓட்டும் வரி) சேர்ந்து அதே ஹிஸ்டரியில் வரும். முதல் வேலையாக டோக்கனை மாற்றுங்கள், டாக்கர்ஃபைலைத் திருத்துவதெல்லாம் அதற்குப் பிறகு. டாக்கரின் பில்ட் பகுதியான பில்ட்கிட்டில் சீக்ரெட் மவுன்ட் என்று ஒன்று இருக்கிறது: அந்த ஒரு ரன் வரி ஓடும் நேரம் மட்டும் டோக்கன் ஒரு ஃபைலாகத் தெரியும், இமேஜின் எந்த லேயரிலும் (அடுக்கிலும்) தங்காது. டாக்கர் என்ஜின் 23லிருந்து லினக்ஸில் பில்ட்கிட்தான் டிஃபால்ட், தனியாக ஆன் செய்யவும் வேண்டாம்.

சும்மா_ஒருத்தி:
ஆர்க்கை நகர்த்தினால் இன்றைக்குத் தப்பித்துவிடலாம், ஆனால் ஸ்டேஜிங்குக்கு (சோதனைச் சூழல்) ஒரு இமேஜ், புரொடக்ஷனுக்கு (பயனர்கள் பார்க்கும் சூழல்) ஒரு இமேஜ் என்று இரண்டு பில்ட் ஓடும், சோதித்தது ஒன்று, வெளியே போனது வேறொன்று. நான் பில்டில் முகவரியே கொடுப்பதில்லை. கன்டெய்னர் எழும்போது என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்ட் என்வ்வைப் படித்து ஒரு குட்டி கான்ஃபிக் ஜேஎஸ் எழுதும், ஆப் அதை முதலில் ஏற்றிக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) இமேஜில் என்ட்ரிபாயின்ட் ஃபோல்டரில் ஸ்கிரிப்டை ஓட்டும் அனுமதியோடு போட்டால் போதும், அதுவே ஓட்டிவிடும்.

லேயர்_கேக்:
ஒரே ஒரு முகவரிக்கு இவ்வளவு ஏற்பாடா? இரண்டே சூழல் என்றால் நான் இரண்டு பில்டோடு நிறுத்திக்கொள்வேன்.

நள்ளிரவு_டிப்ளாய்:
ஆர்க்கைக் கீழே எழுதியதும் முகவரி வந்துவிட்டது. டாட் என்வ் ஃபைலும் உள்ளேதான் இருந்தது, அதில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் இருந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. டோக்கன், பாஸ்வேர்ட் இரண்டையும் மாற்றிவிட்டேன், ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ்களைச் சேமிக்கும் இடம்) இருந்த பழைய இமேஜ்களையும் தூக்கியாயிற்று. கான்ஃபிக் ஜேஎஸ் முறையையும் முயன்றேன், ஆனால் மாற்றிய பிறகும் பழைய முகவரியே வருகிறதே?

சும்மா_ஒருத்தி:
பிரவுசர் கேஷ். அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் கேஷ் கன்ட்ரோலில் நோ ஸ்டோர் (சேமித்து வைக்காதே) போடுங்கள். அப்புறம் டாக்கர் ரன்னுக்கு என்வ் ஃபைல் கொடுக்கிறீர்களென்றால் மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறி போடாதீர்கள். கம்போஸ் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கருவி) அதை உரித்துவிடும், டாக்கர் ரன் அப்படியே மதிப்போடு சேர்த்துக்கொள்ளும்.