புதுப்பிப்பு: மூன்றாவது பிரசவம் நல்லபடியாக முடிந்தது

முதல் பிள்ளைக்கு 19 மணி நேரம் வலி, இரண்டாவதுக்கு 7. மூன்றாவதுக்கு ஆஸ்பத்திரிக்கு எப்போது கிளம்பலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். வலி தொடங்கியதுமே கிளம்பச் சொன்ன அக்காக்களுக்கு மனமார்ந்த நன்றி.

செவ்வாய் விடியற்காலை 4 மணிக்கு இடுப்பு வலி. வில்லிவாக்கத்திலிருந்து ஆட்டோ. எழும்பூர் போவதற்குள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி. நான் இறுக்கிப் பிடித்ததில் அம்மாவின் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்துவிட்டது. 6:10க்குப் பெண் குழந்தை!

அப்புறம் வந்த வலியைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பால் கொடுக்கும்போதெல்லாம் கருப்பை சுருங்கி அடிவயிறு முறுக்குகிறது. முதல் பிள்ளைக்கு இது தெரியவே இல்லை. அடுத்தடுத்த பிரசவங்களில் இது கூடும், சில நாளில் அடங்கிவிடும் என்றார் நர்ஸ் அக்கா. பால் கொடுக்குமுன் சிறுநீர் கழித்துவிட்டால் கொஞ்சம் தேவலை.