பிராக் போறீங்களா? ஒரு காலைப் பொழுதை யோசெஃபோவுக்குக் கொடுங்க

பெர்லினிலிருந்து பிராக் ரயிலில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. டிரெஸ்டன் தாண்டினதும் எல்பே ஆறு கூடவே வரும், அதனால இடது கைப்பக்க ஜன்னல் கிடைச்சா விடாதீங்க. அப்பா ஊரிலிருந்து வந்து எங்களோட தங்கியிருந்த நேரம். கிடைச்ச சின்ன விடுமுறையில அவரையும் கூட்டிட்டுக் கிளம்பினோம்.

நாள் குறைவா இருக்கிறவங்க செய்ய வேண்டிய முதல் காரியம், சார்லஸ் பாலத்துக்கு விடியறதுக்கு முன்னாடியே போயிடறது. நான்காம் சார்லஸ் மன்னர் 1357-ல கட்ட ஆரம்பிச்ச பாலம். 516 மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் 30 சிலைகள். பத்து மணிக்கு மேல அங்கே தோளோடு தோள் இடிச்சுட்டுத்தான் நடக்கணும். விடியற்காலையில வால்டாவா ஆறு ஓடுற சத்தமே காதுல விழும். நெபோமுக் யோவான்ங்கிற புனிதரோட சிலைக்குக் கீழே இருக்கிற உலோகத் தகடு, தொட்டுத் தொட்டு ஒரு இடத்துல மட்டும் பளபளன்னு இருக்கு. 1393-ல அவரை இந்தப் பாலத்திலிருந்துதான் ஆத்துல தள்ளிட்டாங்க. அப்பாவும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார்.

பழைய நகரச் சதுக்கத்துல, நகர மண்டபச் சுவர்ல இருக்கிற 1410-ஆம் வருஷத்து வானியல் கடிகாரத்துக்கு முன்னாடி மணிக்கொரு தடவை கூட்டம் அம்மும். எல்லாரும் மேல ஜன்னல்ல வர்ற இயேசுவோட சீடர்கள் பொம்மைகளையே பார்ப்பாங்க. நீங்க ஓரத்துல கயிறு இழுக்கிற எலும்புக்கூட்டைப் பாருங்க, அதுதான் அழகு. பர்ஸ் பத்திரம். கூட்டம் கலைஞ்சதும் அதே நகர மண்டபத்தின் பக்கத்துல தரையைப் பாருங்க. கல்லுல 27 வெள்ளைச் சிலுவைகள் பதிச்சிருக்காங்க. ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தோட ஆட்சியை எதிர்த்த 27 பேரை 1621 ஜூன் 21 அன்னிக்கு இந்தச் சதுக்கத்துலதான் கொன்னாங்க. அது தெரியாம அதன் மேலயே நின்னு செல்ஃபி எடுக்கறாங்க, பார்க்க வருத்தமா இருந்தது.

அங்கிருந்து பொடிநடையா போனா யோசெஃபோவ், பழைய யூதர் குடியிருப்பு. கோட்டையைப் பார்க்க நேரமில்லாம போனாலும் பரவாயில்லை, இதை விட்டுடாதீங்கன்னு யார் கேட்டாலும் சொல்வேன்.

பிங்காஸ் தொழுகைக்கூடத்துக்குள்ள படமோ சிலையோ கிடையாது. சுவர் முழுக்கப் பெயர்கள் மட்டும்தான். நாஜிகள் கொன்ற, இன்றைய செக் நாட்டின் பொஹீமியா, மொராவியா பகுதி யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேருடைய பெயர்கள், எல்லாம் கையால எழுதினது. குடும்பப் பெயர் சிவப்புல. தொடர்ந்து ஒவ்வொருத்தர் பெயரும், பிறந்த தேதியும், கடைசியாத் தெரிஞ்ச தேதியும் கறுப்புல. 1950-களில் எழுதினாங்க. 1968-க்கு அப்புறம் வருஷக்கணக்கா மூடிக் கிடந்து, ஈரத்துல எழுத்து அழிஞ்சுபோய், கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு 1990-களில் மறுபடி முழுசா எழுதியிருக்காங்க.

அப்பா பத்திரப்பதிவு அலுவலகத்துல காலமெல்லாம் பெயர் எழுதினவர். சுவருக்குப் பக்கத்துல போய் எழுத்தை நிதானமா பார்த்துட்டே நின்னார். எங்களுக்குப் பக்கத்துல வயசான அம்மா ஒருத்தங்க, சுவரைத் தொடாம விரலை மட்டும் காத்துல நகர்த்தி ஒரு பெயரைத் தேடிட்டிருந்தாங்க. கண்ணாடி போட்டும் அவங்களுக்குத் தெரியலை. கையில இருந்த சீட்டை எங்ககிட்ட நீட்டினாங்க. அப்பா அந்த எழுத்துகளை ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பார்த்து, மேல ஒரு வரியைக் காட்டினார். சிவப்புல ஒரு பெயர், அதைத் தொடர்ந்து கறுப்புல ஆறு பெயர்கள். கடைசித் தேதி நாலு பேருக்கு ஒண்ணேதான். அந்த அம்மா அப்பாவோட கையைப் பிடிச்சுட்டு ரொம்ப நேரம் விடலை. வெளியே வந்து அப்பா, "குடும்பமே ஒரே நாள்ல போயிருக்கேம்மா"ன்னார். அதுக்கு மேல பேசலை.

மாடியில நாஜிகளோட டெரெசின் முகாம்ல இருந்த குழந்தைகள் வரைஞ்ச படங்கள். வீடு, பட்டாம்பூச்சி, சாப்பாட்டு மேசை. ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் அந்த முகாமில் அடைபட்டிருந்தபோது ரகசியமா ஓவிய வகுப்பு எடுத்தாங்க. 1944-ல ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டு அங்கே கொல்லப்பட்டாங்க. அவங்க விட்டுட்டுப் போன இரண்டு பெட்டிகள்ல ஏறத்தாழ 4,500 படங்கள் தப்பிச்சது. சின்னப் பிள்ளைகளோட போறவங்க முன்கூட்டியே பேசித் தயார்படுத்திட்டுப் போங்க. எங்க பொண்ணு கேட்ட கேள்விகளுக்கு எனக்கு நின்னு பதில் சொல்ல முடியலை.

பக்கத்துலயே பழைய கல்லறை. இடம் போதாம ஒண்ணு மேல ஒண்ணா, சில இடத்துல பன்னிரண்டு அடுக்கு வரை புதைச்சிருக்காங்க. 12,000 கற்கள் சாய்ஞ்சு நெருக்கியடிச்சு நிக்குது. 1609-ல இறந்த ராபி லோவ்ங்கிற யூத மதகுருவோட கல்லறை மேல கூழாங்கல் வெச்சு, அதுக்கடியில வேண்டுதல் சீட்டு செருகறாங்க.

டிக்கெட் இதுக்கெல்லாம் சேர்த்தே ஒண்ணு எடுக்கலாம். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் மூடியிருக்கும். வார இறுதிக்குப் போறவங்க வெள்ளிக்கிழமை காலையிலயே ஊர் போய்ச் சேர்ற மாதிரி ரயில் பாருங்க, இல்லைன்னா ஞாயிறு காலையை இதுக்குன்னே ஒதுக்குங்க.