ஜீரோ பிரீமியம் அட்வான்டேஜ் பிளானா, மெடிகேரோடு மெடிகேப்பா?

மார்ச்65:
வணக்கம். வருகிற மார்ச்சில் எனக்கு 65 ஆகிறது, அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேர வேண்டும். அமெரிக்காவில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தாயிற்று, அதனால் மெடிகேரின் ஆஸ்பத்திரிப் பகுதியான பார்ட் ஏ-க்குப் பணம் கட்ட வேண்டாம், அதுவரை புரிந்துவிட்டது. அதற்கு மேல்தான் தலை சுற்றுகிறது. தபால் பெட்டியைத் திறந்தால் தினம் நாலு பளபள அட்டை, எல்லாவற்றிலும் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு தாத்தா பாட்டி, "மாதம் 0 டாலர்". மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாகத் தரும் அட்வான்டேஜ் பிளானாம். பல், கண், ஜிம் எல்லாம் உண்டாம். சும்மா எப்படித் தருவான் என்று மனைவி கேட்கிறாள், என்னிடம் பதில் இல்லை. இருப்பது நியூஜெர்சி, வருடத்தில் மூன்று மாதம் மதுரை. அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சும்மா தரவில்லை சார். நீங்கள் சேர்ந்ததும் உங்கள் பேருக்கு மாதாமாதம் இவ்வளவு என்று மெடிகேர் அந்தக் கம்பெனிக்குக் கொடுக்கிறது. அதற்குள் வைத்தியத்தை முடித்து மிச்சம் பிடிப்பது அவன் பாடு. 0 டாலர் என்பதும் பிளானுக்கு மட்டும்தான். டாக்டர் செலவுக்கான பார்ட் பி பிரீமியம் (2025-இல் மாதம் 185 டாலராக இருந்தது, வருமானம் அதிகமென்றால் இன்னும் கூடும்) எப்படியும் கட்ட வேண்டும். அதற்காக வெறும் மெடிகேரோடு நிற்காதீர்கள், டாக்டர் பில்லில் 20 சதவீதம் உங்கள் தலையில் விழும், அதற்கு உச்சவரம்பே கிடையாது. அட்வான்டேஜில் வரம்பு உண்டு, 2025-இல் நெட்வொர்க்குக்குள் (பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரி) அதிகபட்சம் 9,350 டாலராக இருந்தது, பல பிளான்களில் இதைவிடக் குறைவு. ஆகவே ஒரு தட்டில் அட்வான்டேஜை வைத்தால், மறு தட்டில் மெடிகேர், அது விடும் பாக்கியைக் கட்டும் தனியார் காப்பீடான மெடிகேப், மருந்துக்குத் தனியாகப் பார்ட் டி மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

டெக்சாஸ்_அக்கா:
நான் ஆறு வருடமாக எச்எம்ஓ வகை (நெட்வொர்க் டாக்டரிடம்தான் போக வேண்டும்) அட்வான்டேஜில் இருக்கிறேன். முதல் ஐந்து வருடம் ராஜா வீட்டுக் கன்றுக்குட்டிதான். பல் சுத்தம் செய்தேன், கண்ணாடி மாற்றினேன், பிரீமியம் ஒரு பைசா இல்லை. போன வருடம் முட்டி வலி வந்தது. டாக்டர் எம்ஆர்ஐ எழுதினார், பிளான் முன் அனுமதி தரவில்லை, முதலில் ஆறு வாரம் பிசியோதெரபி போய்விட்டு வரச் சொல்லிக் கடிதம். டாக்டர் ஆபீஸில் இருந்து அப்பீல் போட்ட பிறகுதான் கிடைத்தது, அதுவரை மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். ஜனவரி பிறந்ததும் அந்த டாக்டரே நெட்வொர்க்கில் இல்லை. போதுமடா சாமி என்று மெடிகேப்புக்கு மாறப் போனால், சர்க்கரை, முட்டி என்று என் உடம்புக் கதை முழுக்கக் கேட்டுவிட்டு முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் ஏஜென்ட் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 65 முடிந்து பார்ட் பி தொடங்கிய மாதத்தில் இருந்து ஆறு மாதம், எந்த மெடிகேப் கம்பெனியும் நோயைக் காட்டி உங்களை மறுக்க முடியாது. அது போனால் நியூயார்க், கனெக்டிகட் மாதிரி சில மாநிலங்கள் தவிர மற்ற இடங்களில் மறுக்கலாம், உங்கள் நியூஜெர்சியிலும்தான். ஒரு அட்வான்டேஜில் இருந்து இன்னொன்றுக்கு வருடா வருடம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை தாவலாம், அதில் சிக்கல் இல்லை. ஒரு சலுகை உண்டு, 65 ஆனதும் முதல் முறையாக அட்வான்டேஜ் எடுத்தவர் 12 மாதத்துக்குள் வெளியே வந்தால் கேள்வி இல்லாமல் மெடிகேப் கிடைக்கும்.

பாதி_மதுரை:
ஊர் விஷயம். மெடிகேர் பொதுவாக இந்தியாவில் செல்லாது. மெடிகேப்பில் ஒரு வகையான பிளான் ஜி என்றால் வெளிநாட்டு அவசர வைத்தியத்துக்கு 250 டாலர் போக 80 சதவீதம், ஆயுளுக்கு 50,000 டாலர் வரை. ஆனால் பயணத்தின் முதல் 60 நாளில் தொடங்கும் வைத்தியத்துக்குத்தான், உங்கள் மூன்றாவது மாதத்துக்கு ஒன்றும் இல்லை. சில அட்வான்டேஜ் பிளானிலும் வெளிநாட்டு அவசரம் உண்டு, கையேட்டில் தேடிப் பாருங்கள். நான் ஒவ்வொரு முறையும் தனியாகப் பயணக் காப்பீடு எடுத்துவிடுகிறேன்.

மார்ச்65:
அக்காவின் மாடிப்படி போதும், பிளான் ஜி பக்கம் சாய்ந்துவிட்டேன். மாநிலம்தோறும் ஷிப் என்று இலவச ஆலோசனை இருக்கிறதாமே, திங்கட்கிழமை கூப்பிட்டு விலை கேட்கிறேன். மனைவிக்கு 62தான், என்னோடு சேர்த்துவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
முடியாது சார், மெடிகேர் ஆளுக்கு ஆள் தனி. 65 வரை அவருக்கு வேறு காப்பீடு பாருங்கள்.